ஒரே முடிவை இரண்டு பேருக்கு விற்றவள்

யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்துக்கு அந்த வீட்டில் விலை இது: இரண்டு கூடைத் துணி மடிப்பது, மகளோடு சீட்டு விளையாடி நம்பும்படியாக மூன்று ஆட்டம் தோற்பது, கணவர் சொல்லும் அன்றைய வண்டிக் கதையைக் கொட்டாவி விடாமல் கடைசிவரை கேட்பது. இது சாதாரண நாள் விலை. மழை பெய்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் விலை இரட்டிக்கும். பரீட்சைக் காலத்தில் சரக்கே வராது.

வாங்குகிறவள் ஒருத்தி, விற்கிறவர்கள் இரண்டு பேர். நியாயப்படி பேரம் அவள் பக்கம் சாய வேண்டும். ஆனால் அவளுக்கு அவசரம் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவசரத்தை முகத்தில் காட்டிக்கொண்டு கடையேறுகிறவளுக்கு எவன் தள்ளுபடி கொடுப்பான்?

அவசரத்துக்குக் காரணம் ஒரு நாவல். பெரிய ஃபர்னிச்சர் கடை ஒன்றில் பில் போடுவது அவள் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் பில்லக்கா. நாமும் அப்படியே கூப்பிடலாம். பில்லக்கா ஐந்து வருடமாக அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பதிப்பகம் வருடாவருடம் முதல் நாவலுக்குப் போட்டி வைத்து, ஜெயித்ததைப் புத்தகமாகப் போட்டது. போன வருடம் கடைசித் தேதி நெருங்கியபோது மகளுக்குச் சின்னம்மை. அதற்கு முந்தின வருடம் கடையில் ஸ்டாக் எடுத்தார்கள். இந்த வருட அறிவிப்பில் பதிப்பகம் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தது: இனிமேல் போட்டி கிடையாது, இதுவே கடைசி. முப்பதாம் தேதி, திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதைத் தவறவிட்டால் நாவலும் அவளைப் போலவே வீட்டுக்குள் இருந்து வயசாக வேண்டியதுதான்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நாற்பத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி ஒருநாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிறாள். அப்புறம் என்ன ஆகிறாள் என்பதுதான் நாவல்.

இந்த இரண்டு வரியை அவள் கணவரிடம் ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். கணவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது; ஊரில் அவர் பெயர் மாஸ்டர். ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனி பிரேக்கோடு இருபது வருடம் உட்கார்ந்தவர். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஆபத்தான பேச்சு வந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

“அவளுக்கு எத்தனை வயசுன்ன?”

“நாப்பத்திரண்டு.”

“உனக்கு?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே. நாப்பத்தொண்ணு.”

மாஸ்டரின் கால் தரையில் அழுந்தியது. “அவ புருஷன் குடிப்பானா?”

“இல்லீங்க.”

“அடிப்பானா?”

“ச்சே.”

“வேற யாராச்சும்…”

“அவருக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? நல்ல மனுஷன்.”

“அப்புறம் ஏன்டி கிளம்புறா?”

“அதைச் சொல்லத்தானே நாவலே எழுதுறேன்.”

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் பாத்திரம் கழுவினார். யாரும் கேட்காமலே கழுவினார். கழுவியதை அவள் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கி வைத்தார். எட்டாம் நாள் பொறுக்க முடியவில்லை.

“கடைசியில திரும்பி வந்துருவா தானே?”

உண்மையில் பில்லக்காவுக்கே தெரியாது. “தெரியலீங்க” என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது வருடம் கடையில் உட்கார்ந்தவள். எதிரில் நிற்பவர் எதற்குத் தவிக்கிறார் என்று கண்ணில் பட்டுவிட்டால் வாய் தானாக விலை சொல்லிவிடும்.

“வர வைக்கலாம். அதுக்கு உக்காந்து யோசிக்கணும். எனக்கு எங்க நேரம்?”

“எவ்வளவு வேணும்?”

“ஞாயித்துக்கிழமை காலையில நீங்களும் பொண்ணும் வெளிய கிளம்பிருங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தா போதும். எட்டு ஞாயிறு.”

“நாலு.”

“நாலு ஞாயித்துல அவ பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான் வருவா.”

மாஸ்டர் யோசித்தார். “ஆறு. ஆனா வீட்டுக்குள்ள வந்து செருப்பைக் கழட்டணும்.”

“சரி, ஆறு.”

இப்படி நாவலின் முடிவு, எழுதப்படுவதற்கு முன்பே விலைபோனது. மாஸ்டர் நாணயமானவர். ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லை. பதினொரு வயசு மகள் மட்டும் இதில் தனக்கு என்ன லாபம் என்று கேட்டு, வாரம் ஒரு ஐஸ்கிரீம் தரகு பேசிக்கொண்டாள். அந்த ஆறு ஞாயிறுகளில் பில்லக்கா இருபது அத்தியாயத்தைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து முடித்தாள்.

ஆனால் முதலில் கையால் எழுதுவது எல்லாம் கடையில்தான்.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஃபர்னிச்சர் கடைக்கு யாரும் வருவதில்லை. வெயிலுக்கு ஒதுங்கி வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு மணி நேரம் சும்மா கிடந்தது. ஆனால் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முழுக் கடையையும் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளிக்கு, வேலை நேரத்தில் கதைப் புத்தகம் என்றாலே ஆகாது. ஆகவே பில்லக்கா ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். கடையின் பழைய விளம்பர நோட்டீஸ்களின் பின்பக்கம் வெள்ளை. அதில் ஒன்றை டெலிவரிச் சீட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, தலையைக் குனிந்து எழுதினால், மேலிருந்து பார்க்கிறவருக்குச் சீட்டு எழுதுகிற மாதிரியே இருக்கும்.

டெலிவரிச் சீட்டு இரண்டு தாள். மேலே வெள்ளை, அது வாங்குகிறவருக்கு. அடியில் ரோஸ், அது குடோனுக்கு. கார்பன் வைக்கத் தேவையில்லாத தாள். மேலே எழுதினால் அடியில் தானாகப் பதியும். பில்லக்காவுக்குப் பேனாவை அழுத்தி எழுதும் பழக்கம். நோட்டீஸின் மேல் அவள் எழுதிய நாவல் நோட்டீஸைத் தாண்டி, வெள்ளையைத் தாண்டி, ரோஸ் தாளில் போய் அழகாக உட்கார்ந்தது. வெள்ளைத் தாள் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி சுத்தமாக இருந்தது. பிறகு அதே சீட்டில் அவள் யாருக்கோ ஒரு கட்டிலோ நாற்காலியோ எழுதி, வெள்ளையை வாங்குகிறவரிடம் கொடுத்து, ரோஸைப் பார்க்காமலே கிழித்துக் குடோன் பெட்டியில் போட்டுவிடுவாள். மூன்று வருடம் இப்படி நடந்தது. அவளுக்குத் தெரியாது.

குடோன்காரருக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனை முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவர், கடையில் எல்லோருக்கும் அண்ணன். ரோஸ் சீட்டு வந்ததும் அதில் உள்ள சாமான், முகவரி மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தூக்குகிற ஆட்களிடம் கொடுப்பார். ரோஸைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் எதையும் கேட்கத் தோன்றாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கும்வரை.

இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை. அண்ணன் பல் பிடுங்கப் போய்விட்டார். ரோஸ் சீட்டு நேராகத் தூக்குகிற ஆட்கள் இருவர் கைக்குப் போனது. ஒருவன் நெட்டை, இன்னொருவன் குட்டை. அதுவே அவர்கள் பெயரும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு உணவு மேசை ஒன்று, நாற்காலி நான்கு. அவ்வளவுதான் அன்றைக்கு வேலை.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த டீச்சரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பயந்து தானாகத் திறந்த மாதிரி இருந்தது.

“எங்க உங்க முதலாளி? என் பீரோவை ரெண்டு திருடனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்க. உங்க கடை வண்டியில!”

முதலாளி மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார். நெட்டையும் குட்டையும் வரவழைக்கப்பட்டார்கள். பீரோ பின்னால் வண்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஏற்றும்போது இரண்டு கீறல்.

“ஏன்டா தூக்குனீங்க?” என்றார் முதலாளி.

“சீட்டுல இருந்துச்சு சார்” என்று நெட்டை ரோஸ் தாளை நீட்டினான்.

முதலாளி உரக்கப் படித்தார். மேசை ஒன்று. நாற்காலி நான்கு. அதற்குக் கீழே ‘சிறப்புக் குறிப்பு’ என்ற கட்டத்துக்குள் அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தது இது: “பழைய பீரோவைத் தூக்கிக்கிட்டுப் போயிருங்க. நான் வேண்டாம்னு கத்துவேன். அழுவேன். கேக்காதீங்க. கேட்டீங்கன்னா இந்த வீட்டை விட்டு என்னிக்கும் கிளம்ப மாட்டேன்.”

நெட்டை, பார்த்தீர்களா என்கிற மாதிரி தலையாட்டினான்.

“கத்துவாங்கன்னு எழுதியிருந்துச்சு, கத்துனாங்க சார்” என்றான் குட்டை. “அழுவாங்கன்னு இருந்துச்சு, அழுதாங்க. இவ்வளவு சரியா எழுதுன சீட்டை நாங்க பாத்ததே இல்ல.”

“குடையால அடிச்சேனேடா உங்களை!”

“அது ஒண்ணுதாம்மா சீட்டுல இல்ல.”

பில்லக்கா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். முந்தின நாள் திருத்தி எழுதிய தன் பதினெட்டாவது பக்கத்து வசனம், தன் கையெழுத்தில், முதலாளி குரலில் கேட்டால் யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது. பழைய சாமான் வாங்குகிறவனிடம் நாயகி தன் பீரோவைக் கொடுத்தனுப்பும் இடம் அது. நல்ல இடம்தான் என்று அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலையில் பட்டது.

“எழுதுனது யாரு?” என்றார் டீச்சரம்மா.

“நான்தாங்க.”

“சீட்டுல அழுவேங்கிற இந்தப் பொம்பளை யாரு? அவ பீரோவுக்குள்ள என்ன இருந்துச்சு?”

“அது அடுத்த அத்தியாயத்துல வருதுங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அத்தியாயமா?” என்றார் முதலாளி.

பீரோ போனதைவிட அவருக்கு இதுதான் பெரிய அடி. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் உங்களைக் காட்டி, பாருங்கய்யா, கூட்டமே இல்லாத நேரத்துல கூட அந்தம்மா பேனா ஓயலைன்னு சொன்னேனேம்மா. கூட்டமே இல்லாதப்ப என்ன சீட்டு எழுதுறாங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே!”

வேலையை விட்டு அனுப்பவில்லை. எந்தச் சாமானுக்கு எவ்வளவு வரை இறங்கலாம் என்பது கடையிலேயே அவள் ஒருத்தி தலைக்குள்தான் இருந்தது. ஆனால் மேசை பறிபோனது. நாளையிலிருந்து மெத்தைப் பிரிவு. நின்றுகொண்டே பார்க்கும் வேலை. கையில் பேனா கூடாது.

வியாழன் காலையில் பழைய மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். காலி. அதில்தான் இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்றாம் அத்தியாயங்கள் இருந்தன. இன்னும் தட்டச்சு செய்யாத அறுபத்துநாலு பக்கம். வீட்டில் வைத்தால் மகள் பின்பக்கத்தில் படம் போட்டுவிடுவாள் என்று இங்கே வைத்திருந்தாள். முன்பக்கத்தில்தான் ஏற்கெனவே சோபா படம் இருந்ததே, இதில் என்ன பின்பக்கம் முன்பக்கம் என்று கேட்காதீர்கள்.

“அந்த நோட்டீஸா?” என்றார் முதலாளி. “அது கடை நோட்டீஸ் தானேம்மா. கசக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடைக்கச் சொல்லிட்டேன். புது ஹோட்டல் ஆர்டர். நாப்பது நிலைக்கண்ணாடி. காலையில ஆறு மணிக்கே வண்டி கிளம்பிருச்சு.”

அவள் நாயகி மூன்று அத்தியாயமும் கசங்கி, நாற்பது கண்ணாடி உடையாமல் காத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தாள். முப்பதாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

மத்தியான இடைவேளையில் பில்லக்கா குடோனுக்குப் போனாள். இரண்டு நோட்டீஸாவது தரையில் விழுந்து கிடக்காதா என்ற ஆசை. அண்ணன் வீங்கிய கன்னத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குனிந்து தேடுகிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இரும்பு அலமாரியைத் திறந்து, நான்கு தடித்த ஃபைலை எடுத்துத் தள்ளுவண்டி மேல் வைத்தார்.

முழுக்க ரோஸ்.

“நாலாவது அத்தியாயத்துல இருந்து இருக்கு” என்றார். “முதல் மூணு எனக்குக் கிடைக்கல. அவ ஏன் கிளம்புனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாமத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஐந்து வருடத்தில் அவள் நாவலுக்குக் கிடைத்த முதல் வாசகர், கன்னம் வீங்கி எதிரில் நின்றார்.

“எப்படிண்ணே இருக்கு?” அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. இருபத்தொண்ணு கொஞ்சம் இழுவை தங்கச்சி. அந்த அத்தியாயத்துல மட்டும் சாமான் விபரம்தான் விறுவிறுப்பா போச்சு.”

அடித்தாலும் வாசகர் வாசகர்தான். “அண்ணே, கடைசி மூணு அத்தியாயம் மட்டும் குடுங்க. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும்.”

அண்ணன் ஃபைல் மேல் கையை வைத்தார். வியாபாரி கை. “முடிவு என்னம்மா?”

“அதை இன்னும் எழுதல.”

“அவ திரும்பி வரக் கூடாது.”

பில்லக்கா விழித்தாள்.

“முப்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். போன சாமான் திரும்பி வர்றதையும் பாத்திருக்கேன். கீறல் இல்லாம ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்ல. பழைய இடத்துல வச்சா பொருந்துறதும் இல்ல. அதுக்குள்ள அங்க வேற சாமான் வந்து உக்காந்திருக்கும். டெலிவரி ஆனது ஆனதுதான். திரும்பி வர மாட்டான்னு சொல்லு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ.”

“பாதியை இப்பக் குடுங்க…”

“உன் வாய்ச்சொல் போதும். எனக்குச் சீட்டெல்லாம் வேண்டாம். சீட்டோட லட்சணத்தைத்தான் பாத்தோமே.”

அறுபத்துநாலு பக்கம். நான்கு நாள். இனி வராத போட்டி. பில்லக்கா ஃபைலைப் பார்த்தாள், அண்ணன் கன்னத்தைப் பார்த்தாள். “வர மாட்டாண்ணே” என்றாள்.

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மெத்தைப் பிரிவுக்குத் திரும்பி வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறாள். ஒருவரிடம் வரும் என்று, ஒருவரிடம் வராது என்று. இரண்டு பேரிடமும் முழு விலையும் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. கடைத்தெருவில் இதைச் செய்தவனை மறுபடி படியேற விடமாட்டார்கள்.

வெள்ளியும் சனியும் மெத்தை விற்றாள். நாலு நாலு பேராக வருகிற குடும்பங்களைப் படுக்கவைத்து எழுப்பினாள். தானும் ஒருமுறை படுத்து யோசித்தாள். முதலாளி மேலிருந்து பார்த்துவிட்டு, நன்றாகச் செய்முறை விளக்கம் கொடுப்பதாகப் பாராட்டினார். முடிவு மட்டும் பிடிபடவில்லை.

ஞாயிறு காலையில் மாஸ்டரிடம் பாதி உண்மை சொன்னாள்: பக்கங்கள் தொலைந்து ரோஸில் கிடைத்திருக்கின்றன, இன்றைக்குள் தட்டச்சு செய்தாக வேண்டும். ஆறு ஞாயிறும் முடிந்திருந்தது. இது கணக்கில் இல்லாத ஞாயிறு. மாஸ்டர் அன்றைய இரண்டு வகுப்பையும் ரத்து செய்தார்.

“நான் படிக்கிறேன். நீ அடி.”

அதுவரை அவர் நாவலில் ஒரு வரி படித்ததில்லை. படித்தால் என்ன இருக்குமோ என்ற பயம். இப்போது வேறு வழியில்லாமல், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேசை விளக்கடியில் ரோஸ் தாளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“‘அவள் கதவைச் சாத்திவிட்டு’… தேக்கு, இரட்டைக் கதவு, ஒன்று… ‘படியிறங்கினாள்.’ இது என்னடி?”

“தேக்கை விட்டுருங்க. படியிறங்கினாள்.”

மகள் தரையில் பக்கங்களைப் பரப்பி வரிசைப்படுத்தினாள். இதற்குக் கூலியாக, புத்தகம் வந்தால் நன்றிப் பக்கத்தில் தன் பெயர் அப்பா பெயருக்கு மேலே வர வேண்டும் என்று பேசி முடித்திருந்தாள்.

“அம்மா, இருநூத்திப் பத்துல ஒரு ஊஞ்சல் இருக்கு. கதையிலயா கடையிலயா?”

“கடையில.”

“இருநூத்திப் பதினொண்ணுல ஒரு மழை?”

“கதையில.”

“ஒரு மாமா சத்தம் போடுறாரு, ஊஞ்சல்ல கால் ஆடுதுன்னு.”

“அது… ரெண்டுலயும் இல்ல. வாங்குனவர் போன்ல சொன்னதைக் குறிச்சு வச்சேன். தள்ளி வை.”

பதினோரு மணிக்கு இருபத்திரண்டாம் அத்தியாயம். மாஸ்டர் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் மெதுவானார். நாயகி தங்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து, வீட்டில் தன்னிடம் கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும் இடம். கத்தரிக்கோல் எங்கே. சார்ஜர் எங்கே. என் நீலச் சட்டை எங்கே. பதினெட்டு வருடத்தில் நீ எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை, அவள் எப்போதும் அங்கேயேதான் இருந்தாள்.

படித்து முடித்துவிட்டு மாஸ்டர் தாளைக் கீழே வைத்தார். கால் ஒன்றும் செய்யவில்லை.

“இது நான் கேக்குறது தானே?”

“எல்லா வீட்லயும் கேக்குறதுதாங்க.”

“நீலச் சட்டை எல்லா வீட்லயும் இருக்காது.”

அடுத்த இரண்டு தாளும் ஓரத்தில் ஒட்டியிருந்தன. ஓரத்தை வெட்ட வேண்டும். மாஸ்டர் எழுந்தார். சமையலறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எதுவோ உருண்டு விழுந்தது. மகள் வாயைத் திறந்தாள். பில்லக்கா விரலைக் காட்டி அடக்கினாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்து மாஸ்டர், தலையில் ஒட்டடையோடு, கையில் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்தார். ஓரம் வெட்டப்பட்டது. வேலை தொடர்ந்தது.

ஒரு மணிக்கு இருபத்துமூன்று முடிந்தது. மாஸ்டர் ஃபைலின் அடியைத் தடவிப் பார்த்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் இன்னும் எழுதல.” அவள் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். குடோன் அண்ணன்கிட்ட இந்த மூணு அத்தியாயத்தை வாங்குறப்ப, அவ திரும்பி வர மாட்டான்னு சொல்லிட்டேன்.”

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “என்கிட்ட வருவான்னு சொன்ன.”

“ஆமா.”

“ஒரே சரக்கை ரெண்டு பேருக்கா வித்த?”

“ஆமாங்க.”

“முதல்ல வாங்குனது நான். ஆறு ஞாயிறு முழுசா குடுத்திருக்கேன். அவரு என்ன குடுத்தாரு? என் பொண்டாட்டி எழுதுனதையே என் பொண்டாட்டிக்குக் குடுத்திருக்காரு!”

“நியாயம் உங்க பக்கம்தான். நீங்க சொல்றபடியே எழுதிடுறேன்.”

அவள் அதை நிஜமாகவே சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, தோற்றவள் குரலில் சொன்னாள். மாஸ்டர் ஜெயித்த முகத்தோடு எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தார். வாய்க்குள் படித்தார்.

“இப்ப இவ திரும்பி வந்து செருப்பைக் கழட்டுறான்னு வை. அவன் முதல்ல என்ன கேப்பான்?”

“நீங்களே சொல்லுங்க.”

“எங்க போயிருந்தன்னு கேப்பான்.” தானே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல. ஒரு நாள் அதைக் கேப்பான். ரெண்டாவது நாள் சார்ஜர் எங்கன்னு கேப்பான்.”

“அப்ப?”

“அப்ப இத்தனை பக்கமும் வேஸ்ட்.” தாளை மேசையில் வைத்தார். “அவ வர வேண்டாம். எனக்குப் பிடிக்கல. ஆனா அவ வர மாட்டா. வந்தா பொய்.”

பில்லக்காவுக்குக் கண் நிறைந்தது. மாஸ்டர் அதைப் பார்த்ததும் சட்டென்று வியாபாரி ஆனார்.

“சரக்கு சொன்னபடி வரல. என் ஆறு ஞாயித்தையும் திருப்பிக் குடு.”

“தர்றேன்.”

“தள்ளுபடி கிடையாது.”

“கேக்கல.”

மகளைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். வாசலில் நின்று, “சாயங்காலம் ஆறுக்கு முன்னாடி வர மாட்டோம்” என்றார். கதவு சாத்திக்கொண்டது.

யாரும் விலை சொல்லாத ஐந்து மணி நேரம் பில்லக்காவின் முன்னால் இருந்தது. அப்படி ஒன்று அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. முதல் முக்கால் மணி நேரம் பயத்திலேயே போனது. இரண்டு தரம் எழுந்து போய்த் துணியை மடித்தாள். பிறகு உட்கார்ந்தாள். நாயகி பேருந்து நிலையத்தில் டிக்கெட் வாங்கினாள். எந்த ஊருக்கு என்று பில்லக்கா எழுதவில்லை, ஏறினாள் என்று மட்டும் எழுதினாள். ஏறுவதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன். அந்தப் பக்கம் கணவன், முதல்முறையாக, “எங்க இருக்க?” என்று கேட்கிறான். அவள் சொல்கிறாள். அவ்வளவுதான். ஐந்தே முக்காலுக்கு முடிந்தது.

திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்பும் முன்பே நாவல் மின்னஞ்சலில் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் அண்ணன் மெத்தைப் பிரிவுக்கு வந்து, கடைசி அத்தியாயத்தையும், கூடவே அவள் கொண்டுவந்திருந்த முதல் மூன்றையும் வாங்கி, இரட்டை மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து படித்தார். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. மாடியிலிருந்து முதலாளி ஒரு நல்ல வாடிக்கையாளர் என்று நினைத்திருக்க வேண்டும். அவசரமாகக் குளிர்பானம் கொடுத்தனுப்பினார்.

“போன் பண்ணியிருக்க வேண்டாம்” என்றார் அண்ணன் கடைசியில். கொஞ்சம் யோசித்தார். “சரி, பண்ணட்டும். சாமான் போய்ச் சேந்துச்சுன்னு ஒரு தகவல் சொல்றது முறைதான்.”

மாலையில் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பில்லக்கா மனசுக்குள் வரவு செலவு பார்த்தாள். பதிப்பகத்துக்கு இருபத்துநாலு அத்தியாயம், கிடைத்ததாக ஒரு வரி பதில் வந்துவிட்டது; ஜெயிக்குமா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிவது, அதை இப்போதே வரவில் எழுதக் கூடாது. குடோன் அண்ணனுக்குச் சொன்ன சரக்கு சொன்னபடி, பைசல். டீச்சரம்மாவுக்குப் பீரோ போனது ஒன்று, வந்தது ஒன்று, கீறல் இரண்டு. கடைச் செலவில் பாலீஷ் போட்டாயிற்று, ஆனாலும் அந்தப் பொம்பளையின் பீரோவில் என்ன இருந்தது என்று இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார், அது பாக்கி. முதலாளிக்கு மூன்று வருட மத்தியானங்கள். அவர் கணக்கில் அது எப்போதும் பாக்கிதான். மகளுக்கு நன்றிப் பக்கத்தில் ஒரு வரி, புத்தகம் வந்தால். மாஸ்டருக்கு ஞாயிறு ஆறு.

அடுத்த ஞாயிறு காலையில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள். மாஸ்டர் மத்தியானம்வரை குறட்டை விட்டுத் தூங்கினார். ஆறில் ஒன்று கழித்தது போக, பாக்கி ஐந்து.